எட்டு இலக்க எண் ஒன்றை முழுதாகப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

ஒரு பெரிய முழு எண்ணைக் கொடுத்து அதன் பண்புகளைச் சொல் என்றால், பெரும்பாலும் மாணவர்கள் ஒவ்வொரு பண்பையும் தனித்தனியாகத் தேடக் கிளம்புகிறார்கள். எத்தனை வகுத்திகள் என்று ஒரு கணக்கு, வர்க்க எண்ணா என்று இன்னொரு கணக்கு, இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையா என்று மறுபடி முதலிலிருந்து ஒரு தேடல். கணக்கு சொல்லித்தருகிறவள் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரியுங்கள், அதையும் சரியான வரிசையில் பிரியுங்கள். அது முடிந்துவிட்டால் மற்றக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வரியில் விடை கிடைத்துவிடும்.

இங்கே நாம் எடுத்துக்கொள்ளும் எண் 1,57,59,432. ஒரு கோடியே ஐம்பத்தேழு இலட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்து நானூற்று முப்பத்திரண்டு. பார்த்தவுடன் எதுவும் சொல்லாத எண். ஆனால் கையாலேயே கடைசிவரை போகலாம், அதற்காகத்தான் இது. கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். கால்குலேட்டரைக் கடைசியில் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விடையை அது கொடுத்துவிடும், ஆனால் விடை ஏன் அப்படி வந்தது என்பது கையால் செய்யும்போதுதான் தெரியும்.

வகுப்பதற்கு முன் கொஞ்சம் பாருங்கள்

கடைசி இலக்கம் 2. வர்க்க எண்கள் 0, 1, 4, 5, 6, 9 ஆகிய இலக்கங்களில் மட்டுமே முடியும். ஆகவே இது வர்க்க எண் இல்லை. ஒரு நொடியில் ஒரு கேள்வி முடிந்தது.

அடுத்து, முக்கோண எண்ணா? 1, 3, 6, 10, 15 என்று போகும் எண்கள்தான் முக்கோண எண்கள். ஒரு எண் முக்கோண எண்ணாக இருந்தால் அதன் எட்டு மடங்குடன் 1 கூட்டினால் வர்க்க எண் வர வேண்டும். நம் எண்ணுக்கு 12,60,75,457 வருகிறது. கடைசி இலக்கம் 7. ஆகவே முக்கோண எண்ணும் இல்லை.

வர்க்கமூலம் எங்கே இருக்கிறது என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்: 3969² = 1,57,52,961, 3970² = 1,57,60,900. இரண்டுக்கும் நடுவில் நம் எண். ஏன் இது வேண்டும் என்றால், எந்தப் பகு எண்ணுக்கும் அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத பகாக் காரணி ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும். எவ்வளவு தூரம் தேடினால் போதும் என்பதற்கான எல்லை அது. ஒவ்வொரு காரணியை வெளியே எடுக்கும்போதும் அந்த எல்லை சுருங்கும். அதனால்தான் சிறிய காரணிகளை முதலில் எடுக்கிறோம்.

சிறிய பகா எண்கள்

2-இல் தொடங்குவோம். கடைசி மூன்று இலக்கம் 432, அது 8-ஆல் வகுபடும். கடைசி நான்கு இலக்கம் 9432, அது 16-ஆல் வகுபடாது. ஆகவே 2 மூன்று முறை வருகிறது, நான்காவது முறை இல்லை. 8-ஆல் வகுத்தால் 19,69,929.

இப்போது 3. இலக்கங்களைக் கூட்டினால் 1+9+6+9+9+2+9 = 45. 9-ஆல் வகுபடும், ஆகவே இரண்டு 3 நிச்சயம். இங்கே ஓர் எச்சரிக்கை: இலக்கக் கூட்டுத்தொகை விதி 3-க்கும் 9-க்கும் மட்டும்தான். 27-க்கு அது பொருந்தாது. மூன்றாவது 3 இருக்கிறதா என்று பார்க்க, 9-ஆல் வகுத்துவிட்டு மறுபடி பாருங்கள். 19,69,929 ÷ 9 = 2,18,881. இலக்கங்களின் கூட்டுத்தொகை 28. 3-ஆல் வகுபடவில்லை. அவ்வளவுதான், 3 இரண்டு முறை.

5 இல்லை, கடைசி இலக்கம் 1.

7, 11, 13 மூன்றையும் ஒரே சோதனையில் பார்த்துவிடலாம். 7 × 11 × 13 = 1001 என்பதால் வரும் வசதி இது. எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழியுங்கள். 218 | 881. 881 − 218 = 663. இனி பெரிய எண்ணை விட்டுவிட்டு 663-ஐ மட்டும் பார்த்தால் போதும். 7-ஆல் வகுத்தால் மீதி 5. 11-ஆல் வகுத்தால் மீதி 3. 13-ஆல் வகுத்தால் 51, மீதி இல்லை. ஆகவே 13 ஒரு காரணி.

663 = 13 × 51 = 3 × 13 × 17. இதைப் பார்த்துவிட்டு 17-உம் காரணி என்று எழுதிவிடக் கூடாது. 1001-இல் 17 இல்லை, அதனால் இந்தச் சோதனை 17-ஐப் பற்றி எதுவும் சொல்லாது. சோதனையின் எல்லை எதுவோ அதற்குள் மட்டும் அதை நம்புங்கள்.

2,18,881 ÷ 13 = 16,837. இதிலும் 13 இருக்கிறதா? 837 − 16 = 821, அதை 13-ஆல் வகுத்தால் மீதி 2. இல்லை. 7-க்கும் 11-க்கும் மறுபடி பார்க்க வேண்டாம், முன்பே இல்லை என்று தெரிந்துவிட்டது.

16,837: இங்கேதான் நிதானம் வேண்டும்

பாதிப் பேர் நிற்கும் இடம் இது. 16,837-இன் வர்க்கமூலம் 129-க்கும் 130-க்கும் நடுவில். நேரடியாக வகுத்துப் பார்ப்பதென்றால் 17, 19, 23, 29 என்று பகா எண் பகா எண்ணாகப் போக வேண்டும். போகலாம், தவறில்லை. ஆனால் அதற்கு முன், பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மாவின் முறையை முயன்று பார்ப்பது என் வழக்கம்.

அந்த முறை இப்படி. ஓர் ஒற்றை எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடிந்தால், க² − ச² = (க − ச)(க + ச) என்ற சூத்திரம் அதை இரண்டாக உடைத்துக் கொடுத்துவிடும். வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணில் தொடங்கி, அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழித்து, மிச்சம் வர்க்க எண்ணா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஒன்று கூட்டி அடுத்ததைப் பார்க்க வேண்டும்.

130² = 16,900. 16,900 − 16,837 = 63. வர்க்கம் இல்லை.

131² = 17,161. 17,161 − 16,837 = 324 = 18².

கிடைத்துவிட்டது. 131 − 18 = 113, 131 + 18 = 149. ஆகவே 16,837 = 113 × 149. 17-இலிருந்து வகுத்துக்கொண்டே போயிருந்தால் 113 இருபத்துநான்காவது வகுத்தலில்தான் வந்திருக்கும். இங்கே இரண்டே படி.

ஃபெர்மா 1643-இல் எழுதிய கடிதம் ஒன்றில் 2,02,76,51,281 என்ற எண்ணை இதே வழியில் உடைத்துக் காட்டினார். 45,030-இல் தொடங்கிப் பன்னிரண்டாவது முயற்சியில், 45,041² − 1020² என்று வருகிறது. விடை 44,021 × 46,061. கையால் செய்து பார்க்க அருமையான கணக்கு.

ஆனால் இந்த முறை காரணிகள் ஒன்றுக்கொன்று அருகில் இருக்கும்போதுதான் வேகம். 13-ஐ வெளியே எடுக்காமல் 2,18,881-இலேயே இதைத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 468-இல் தொடங்கி 809 வரை போக வேண்டும்: 809² − 660² = 2,18,881. அதாவது 342 முயற்சிகள். அதே எண்தான், அதே முறைதான். 13-ஐ முதலில் எடுத்ததால் 342 இரண்டாகக் குறைந்தது. வரிசை முக்கியம் என்று நான் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

113, 149 இரண்டும் பகா எண்களா? 113-க்கு 7 வரை, 149-க்கு 11 வரை பார்த்தால் போதும். இரண்டும் பகா எண்கள். ஆக,

1,57,59,432 = 2³ × 3² × 13 × 113 × 149

மேலே போகுமுன் சரிபாருங்கள்

இந்த ஒரு வரியில் பிழை இருந்தால் இதற்குப் பிறகு வருவதெல்லாம் பிழை. பலரும் இரண்டு பக்கத்தையும் 9-ஆல் வகுத்து, மீதிகள் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்பார்கள். நம் எண் 9-ஆல் வகுபடுவதால் இரண்டு பக்கமும் பூச்சியம்தான் வரும், அதிலிருந்து எதுவும் தெரியாது. அதோடு, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறிப்போனால் 9-இன் சோதனை அதைக் கண்டுபிடிக்காது. அதனால் எனக்கு 11-தான் பிடிக்கும்.

வலப்பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தால்: 2 − 3 + 4 − 9 + 5 − 7 + 5 − 1 = −4. 11-ஐக் கூட்டினால் மீதி 7. மறுபக்கம், காரணிகளின் மீதிகள்: 72-க்கு 6, 13-க்கு 2, 113-க்கு 3, 149-க்கு 6. 6 × 2 = 12, மீதி 1. 3 × 6 = 18, மீதி 7. ஒன்றையொன்று பெருக்கினால் 7. இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது. இது முழு நிரூபணம் இல்லை, ஆனால் அவசரத்தில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடும்.

வகுத்திகள்

ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 4 × 3 × 2 × 2 × 2 = 96. ஒரு வகுத்தியை உருவாக்க 2-ஐ 0, 1, 2, 3 முறை எடுக்கலாம், 3-ஐ 0, 1, 2 முறை எடுக்கலாம், மற்ற மூன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம். அதனால்தான் இந்தப் பெருக்கல்.

இந்த 96-ஐப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 27,720 ஞாபகம் வரும். 27,720 = 2³ × 3² × 5 × 7 × 11. அடுக்குகளைப் பாருங்கள்: நம் எண்ணுக்கும் அதற்கும் ஒரே வார்ப்பு. அதற்கும் 96 வகுத்திகள். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களை இராமானுஜன் 1915-இல் வெளியிட்ட கட்டுரையில் ஆராய்ந்தார். உயர் பகு எண்கள் என்று அவற்றைச் சொல்லலாம். 27,720 அவற்றில் ஒன்று. நம் எண் அதைப்போல ஐந்நூறு மடங்குக்கு மேல் பெரியது, ஆனால் வகுத்திகள் அதே 96. எண் எவ்வளவு பெரியது என்பது வகுத்திகளைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது பாருங்கள். நம் எண்ணுக்குக் கீழே இருக்கும் எண்களில் 1,44,14,400-க்கு 504 வகுத்திகள் உண்டு. அது 2⁶ × 3² × 5² × 7 × 11 × 13. சிறிய பகா எண்களாகவே சேர்ந்த எண், அதனால் அத்தனை.

வெவ்வேறு பகாக் காரணிகள் நம் எண்ணில் ஐந்து. இது அதிகமா, குறைவா? ஹார்டியும் இராமானுஜனும் 1917-இல் காட்டியபடி, ஒரு எண்ணுக்கு வழக்கமாக இருக்கும் வெவ்வேறு பகாக் காரணிகளின் எண்ணிக்கை, அந்த எண்ணின் இயல் மடக்கைக்கு மறுபடி இயல் மடக்கை எடுத்தால் வருவதை ஒட்டி இருக்கும். இந்த அளவு எண்களுக்கு அது சுமார் 2.8. ஆகவே ஐந்து என்பது சராசரியைவிட வளமான எண்.

வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கும் அதே போன்ற வழி: (1+2+4+8)(1+3+9)(1+13)(1+113)(1+149) = 15 × 13 × 14 × 114 × 150 = 4,66,83,000. அதிலிருந்து எண்ணையே கழித்தால் 3,09,23,568. எண்ணைவிட இது பெரியது, ஆகவே இது மிகை எண். உண்மையில் இதைக் கணக்கிடாமலே சொல்லியிருக்கலாம். 6-ஐவிடப் பெரிய, 6-இன் மடங்கான எந்த எண்ணும் மிகை எண்தான், ஏனென்றால் அதன் பாதி, மூன்றிலொன்று, ஆறிலொன்று மூன்றும் சேர்ந்தே எண்ணை நிரப்பிவிடும், கூடவே 1 வேறு இருக்கிறது.

பொதுக் காரணி இல்லாதவை எத்தனை?

1-இலிருந்து நம் எண் வரை, அதனோடு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை? இதுதான் ஆய்லரின் ஃபை சார்பு. பகாக் காரணி ஒவ்வொன்றுக்கும் ஓர் அடுக்கைக் குறைத்து, அந்தப் பகா எண்ணில் 1 குறைத்துப் பெருக்க வேண்டும்: 2³-க்கு 4, 3²-க்கு 6, பிறகு 12, 112, 148. 4 × 6 × 12 × 112 × 148 = 47,73,888. கிட்டத்தட்ட நூற்றுக்கு முப்பது. 2-உம் 3-உம் காரணிகளாக இருந்ததால்தான் இவ்வளவு குறைந்துவிட்டது. அவை இரண்டு மட்டுமே மூன்றில் இரண்டு பங்கை விலக்கிவிடுகின்றன.

அடுத்தடுத்த எண்களின் கூட்டுத்தொகையாக

இது சின்ன விஷயம், ஆனால் மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும். ஒரு எண்ணை அடுத்தடுத்து வரும் இயல் எண்களின் கூட்டுத்தொகையாக எத்தனை விதமாக எழுதலாம் என்றால், 1-ஐத் தவிர எத்தனை ஒற்றை வகுத்திகள் இருக்கின்றனவோ அத்தனை விதம். நம் எண்ணின் ஒற்றை வகுத்திகள் 3 × 2 × 2 × 2 = 24. ஆகவே 23 விதங்கள். மூன்று எண்களாக: 52,53,143 + 52,53,144 + 52,53,145. பதினாறு எண்களாக வேண்டுமா? 9,84,957-இலிருந்து 9,84,972 வரை கூட்டிப் பாருங்கள்.

இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக

எனக்கு மிகவும் பிரியமான பகுதி இது, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

எந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியும்? 4-ஆல் வகுத்தால் மீதி 3 வரும் பகாக் காரணிகள் எல்லாம் இரட்டை அடுக்கில் இருக்க வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான். பகா எண்களுக்கான இந்த உண்மையை ஃபெர்மா 1640-இல் மெர்சென்னுக்கு எழுதினார். நிரூபணம் ஆய்லரிடமிருந்து வர நூறு ஆண்டுக்கும் மேல் ஆனது.

நம் எண்ணில் மீதி 3 தருவது 3 மட்டும், அதன் அடுக்கு 2. நிபந்தனை நிறைவேறுகிறது. 13, 113, 149 மூன்றும் மீதி 1 தருபவை. எத்தனை விதம்? மீதி 1 தரும் பகா எண்களின் அடுக்குகளோடு 1 கூட்டிப் பெருக்கி, பாதியாக்குங்கள்: 2 × 2 × 2 = 8, பாதி 4. நம் எண் வர்க்கமும் இல்லை, வர்க்கத்தின் இருமடங்கும் இல்லை, ஆகவே இந்த நான்கு சரியான எண்ணிக்கை. இனி அந்த நான்கையும் கண்டுபிடிப்போம்.

தனித்தனியாக: 13 = 3² + 2², 113 = 8² + 7², 149 = 10² + 7². இவற்றை இணைக்க ஒரு சூத்திரம் இருக்கிறது:

(க² + ச²)(ட² + ப²) = (க×ட − ச×ப)² + (க×ப + ச×ட)²

கூட்டல் கழித்தல் குறிகளை இடம் மாற்றினால் இன்னொரு விடை வரும். டயோஃபாண்டஸ் காலத்திலிருந்தே தெரிந்த உண்மை இது. பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் இதை இன்னும் பொதுவான வடிவில் தந்திருக்கிறார்.

முதலில் 13 × 113 = 1469. ஒரு குறியில் 10² + 37², மறு குறியில் 38² + 5². இரண்டையும் 149-உடன் இணைத்தால் 2,18,881 நான்கு விதமாக வருகிறது:

359² + 300²
440² + 159²
345² + 316²
415² + 216²

ஒவ்வொன்றையும் கூட்டிச் சரிபாருங்கள், அவசரப்பட வேண்டாம். முதலாவது 1,28,881 + 90,000. சரி.

மிச்சம் இருப்பது 72. அது 36 × 2. 36 என்பது 6², அதை வெளியே வைத்துவிடலாம். 2-ஆல் பெருக்குவது மிக எளிது: இரண்டு எண்களின் கூட்டலையும் வித்தியாசத்தையும் எடுத்தால் போதும். 359 + 300 = 659, 359 − 300 = 59. இரண்டையும் 6-ஆல் பெருக்கினால் 3954, 354. இப்படியே நான்கும்:

1,57,59,432 = 3954² + 354²
= 3594² + 1686²
= 3966² + 174²
= 3786² + 1194²

முதல் வரி: 1,56,34,116 + 1,25,316. மூன்றாவது வரி: 1,57,29,156 + 30,276. இரண்டும் ஒரே இடத்துக்கு வருகின்றன. இந்த நான்கைக் கண்டுபிடிக்க 3969 வரை ஒவ்வொரு எண்ணாகத் தேடியிருக்கவும் முடியும். நாம் தேடவே இல்லை, மூன்று சிறிய பகா எண்களிலிருந்து கட்டி எழுப்பினோம். ஐந்தாவது விதம் ஒன்று கிடையாது என்பதும் நமக்கு உறுதியாகத் தெரியும்.

1-ஐ இந்த எண்ணால் வகுத்தால்

1 ÷ 1,57,59,432 என்பதைத் தசமமாக எழுதினால் எப்போது சுழலத் தொடங்கும், எத்தனை இலக்கம் கழித்துத் திரும்ப வரும்? ஓர் இலக்கம்கூட எழுதாமலே சொல்லலாம்.

2³ இருப்பதால் தசமப் புள்ளிக்குப் பின் முதல் மூன்று இலக்கம் சுழலில் சேராது. அதன் பின் சுழலும் நீளத்தை மற்றக் காரணிகள் தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு காரணிக்கும், 10-இன் எந்த அடுக்கில் முதன்முதலாக மீதி 1 வருகிறது என்று பார்க்க வேண்டும். 9-க்கு முதல் அடுக்கிலேயே. 13-க்கு ஆறாவது அடுக்கு. 113-க்கு அந்த அடுக்கு 112-இன் வகுத்தியாக இருக்க வேண்டும். 112 = 2⁴ × 7 என்பதால் 56-ஆவது அடுக்கையும் 16-ஆவது அடுக்கையும் பார்த்தால் போதும். 10-ஐ வர்க்கப்படுத்திக்கொண்டே போங்கள்: இரண்டாவது அடுக்கில் மீதி −13 (100 என்பது 113-க்கு 13 குறைவு, அதை இப்படி எழுதினால் பெருக்க எளிது), நான்காவதில் 56, எட்டாவதில் −28, பதினாறாவதில் −7, முப்பத்திரண்டாவதில் 49. 32 + 16 + 8 = 56, ஆகவே 49 × (−7) × (−28), அதன் மீதி −1. இரண்டு இடத்திலும் 1 வரவில்லை. ஆகவே 113-க்கு முழு 112. இதே வழியில் 149-க்கு முழு 148.

1, 6, 112, 148 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 12,432. ஆகவே முதல் மூன்று இலக்கத்துக்குப் பிறகு 12,432 இலக்கங்கள் கொண்ட தொகுதி முடிவில்லாமல் சுழலும். பள்ளிக் கால்குலேட்டர் எதுவும் இதைக் காட்டாது, அதன் திரையில் பத்துப் பன்னிரண்டு இலக்கத்துக்குமேல் இடமில்லை.

இலக்கங்களைச் சார்ந்தவை

இரும எண் முறையில் இது 1111 0000 0111 1000 0100 1000. இருபத்துநான்கு இலக்கம், அதில் பத்து 1-கள். கடைசியில் மூன்று பூச்சியங்கள் இருப்பது 2³-இன் அடையாளம்.

இலக்கங்களின் கூட்டுத்தொகை 36, அந்த 36-ஆலேயே எண் வகுபடுகிறது (ஈவு 4,37,762). இப்படிப்பட்டவற்றுக்கு ஹர்ஷத் எண்கள் என்று பெயர் வைத்தவர் கப்ரேக்கர். அழகான பண்புதான். ஆனால் இது நாம் பத்தடிமானத்தில் எழுதுவதால் வரும் பண்பு. எழுதும் முறையை மாற்றினால் மாறிப்போகலாம். இரண்டு வர்க்கங்கள் எந்த முறையில் எழுதினாலும் மாறாது. அதனால் நான் முதலில் சொல்லித்தருவது அதைத்தான்.

எண் இன்னும் பெரிதானால்

பன்னிரண்டு, பதினைந்து இலக்கத்துக்குமேல் கையால் போவது கடினம். 1903-இல் ஃபிராங்க் நெல்சன் கோல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் ஒரு வார்த்தையும் பேசாமல், 2-இன் 67-ஆவது அடுக்கில் 1 குறைந்த எண்ணைக் கரும்பலகையில் கணக்கிட்டு, பிறகு 19,37,07,721-ஐயும் 7,61,83,82,57,287-ஐயும் பெருக்கி அதே விடை வருவதைக் காட்டினார். இருபத்தோரு இலக்க எண் அது. இன்று கம்ப்யூட்டர் அதை நொடியில் உடைத்துவிடும். ஆனால் இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கலாக அமைந்த 250 இலக்க எண் ஒன்றை, ஆர்எஸ்ஏ-250 என்று அதற்குப் பெயர், 2020-இல்தான் உடைக்க முடிந்தது. அதற்கும் ஏராளமான கம்ப்யூட்டர்கள் தேவைப்பட்டன.

பகா எண்ணா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் வேலை மிகவும் எளிது. காரணி எதுவும் கண்டுபிடிக்காமலே சொல்லிவிடலாம். மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் 2002-இல் எல்லா எண்களுக்கும் பொருந்தும் விரைவான வழி ஒன்றைத் தந்தார்கள். கையால் செய்ய ஃபெர்மாவின் சோதனை இருக்கிறது: பகா எண்ணாக இருந்தால், அதனால் வகுபடாத எந்த எண்ணையும் அதற்கு ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி வகுத்தால் மீதி 1. ஒரே ஓர் அடிமானத்தில் நிறுத்திவிடாதீர்கள். 91 என்பது 7 × 13, ஆனால் 3-ஐ 90-ஆவது அடுக்குக்கு உயர்த்தி 91-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். 2-ஐ எடுத்தால் மீதி 64 வந்து உண்மை வெளிப்பட்டுவிடும்.

உங்கள் நோட்டில் செய்ய

1,13,13,324-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கும் 96 வகுத்திகள்தான், ஆனால் அடுக்குகளின் அமைப்பு வேறு. வழியில் 1001 சோதனை ஒரு காரணியைக் கொடுக்கும். கடைசியில் மிஞ்சும் எண்ணை ஃபெர்மாவின் முறை முதல் முயற்சியிலேயே உடைத்துவிடும். வகுத்திகளின் கூட்டுத்தொகை 3,26,59,200 என்றும், ஃபை சார்பு 33,58,080 என்றும் வந்தால் நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள். இந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக ஒரு விதமாகக்கூட எழுத முடியாது. 2-களை மட்டும் வெளியே எடுத்துவிட்டு மிஞ்சுவதன் கடைசி இரண்டு இலக்கத்தைப் பாருங்கள், காரணம் அங்கேயே இருக்கிறது.